கோங்க் என்ற சின்ன பிரெஞ்சுக் கிராமத்துக்கு ஏன் இத்தனை பேர் போகிறார்கள்?

கற்பலகைக் கூரை வேய்ந்த வீடுகள், சில நூறு பேர் வசிக்கும் ஒரு மலைச்சரிவு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஒரு திருட்டிலிருந்து ஆரம்பம். 9ஆம் நூற்றாண்டில் புனித ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகளை அஜான் நகரிலிருந்து ஒரு துறவி திருடிக்கொண்டு வந்தார், அப்புறம் யாத்ரிகர் கூட்டம் பெருகி, ஸ்பெயினின் சாந்தியாகோ என்ற புனிதத் தலத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு இது முக்கியமான தங்குமிடமாகிவிட்டது.

போனால் தேவாலயத்தின் மேற்கு வாசலில் நிதானமாக நில்லுங்கள். வாசலுக்கு மேலே 12ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம் (உலக முடிவில் இறைவன் மனிதர்களைச் சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் பிரிக்கும் காட்சி), மொத்தம் 124 உருவங்கள், பழைய வண்ணம்கூட ஆங்காங்கே ஒட்டியிருக்கிறது. நரகத்தில் கழுத்தில் பணப்பையோடு தொங்கும் கஞ்சனைத் தேடிப் பாருங்கள். ஃபுவா மண்டியிட்டு வேண்டும் இடத்தில் பின்னால் விலங்குச் சங்கிலிகள் தொங்கும், அவள் அருளால் விடுதலையான கைதிகள் காணிக்கையாகக் கொடுத்தவை. எனக்கு ரொம்பப் பிடித்தது வெளி வளைவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் குட்டி முகங்கள்தான்.

உள்ளே 1994இல் ஓவியர் சூலாஜ் செய்த நிறமற்ற கண்ணாடி ஜன்னல்கள். சிலருக்குப் பிடிக்காது, ஆனால் அந்தக் கல்லுக்கு அதுதான் சரி. ஃபுவாவின் தங்கச் சிலையையும் விட்டுவிடாதீர்கள், பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர் மக்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது அது.