கோதுமை வயலில் கோலம் போட்டது யார்?

கேள்வி: இங்கிலாந்தில் கோதுமை வயல்களில் ஒரே இரவில் பிரம்மாண்டமான வட்டங்கள் தோன்றுகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். வயலில் காலடித் தடமே இல்லை. தண்டு ஒடியாமல் வளைந்திருக்கிறது. நீங்களோ 'இரண்டு கிழவர்கள் கயிறும் பலகையும் வைத்துச் செய்தது' என்று போன இதழில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இது மனிதனால் ஆகிற காரியமா? ஒரு குழுவை அனுப்பி ஆராய உங்கள் பத்திரிகைக்குத் துணிவு உண்டா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: துணிவு இருக்கிறது, டிக்கெட்டுக்குத்தான் காசு இல்லை. ஆனால் இந்தக் குழு அனுப்புகிற வேலையை நம்மைவிடப் பெரிய ஆட்கள் செய்து பார்த்துவிட்டார்கள். 1990 ஜூலையில் வில்ட்ஷயர் பக்கம் 'ஆபரேஷன் பிளாக்பேர்ட்' என்று பெயர் வைத்து, வட்ட ஆராய்ச்சியாளர்கள், பிபிசி, ஜப்பான் டிவி, கூடவே ராணுவத்தினர் என்று ஒரு பட்டாளமே கேமராவோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தது. ஒருநாள் காலையில் வட்டங்கள் தெரிந்தன. ஆராய்ச்சியாளர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், வட்டங்களுக்கு நடுவில் கடையில் விற்கிற ஜாதக விளையாட்டு அட்டையும் மரச்சிலுவையும் கிடந்தன. யாரோ இருட்டில் வந்து வேலையை முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, அந்தக் கிழவர்கள். டக் பவர், டேவ் சோர்லி என்று பெயர். சௌத்தாம்ப்டன்காரர்கள், படம் வரைகிற பழக்கம் உள்ளவர்கள். 1970களின் கடைசியில் தொடங்கியபோது அவர்கள் கிழவர்களும் இல்லை. 1991 செப்டம்பரில் 'டுடே' நாளிதழிடம் உண்மையைச் சொன்னபோதுதான் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். பவர் முன்பு ஆஸ்திரேலியாவில் இருந்தவர். 1966இல் குயின்ஸ்லாந்தின் டல்லி என்ற ஊரில் சதுப்பு நிலத்துக் கோரை வட்டமாகச் சாய்ந்து கிடந்ததையும், பறக்கும் தட்டு இறங்கிய இடம் என்று பேப்பர்கள் எழுதியதையும் அவர் மறக்கவில்லை. அதே வேடிக்கையை ஊரில் காட்டலாமே என்று கிளம்பியதுதான். ஒரு பலகை, அதன் இரண்டு முனையிலும் கட்டிய கயிறு. கயிற்றைக் கையில் பிடித்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டே நடந்தால் பயிர் படுத்துக்கொள்ளும். கோடு நேராகப் போக, தொப்பியின் முன்பக்கம் தொங்கவிட்ட ஒரு கம்பி வளையம். அதன் வழியே தூரத்து மரத்தையோ விளக்கையோ குறி பார்த்து நடப்பார்கள். அவ்வளவுதான் கருவி.

இதில் எனக்குப் பிடித்த துப்பறிவாளர் பவரின் மனைவிதான். காரின் மைல் கணக்கு எகிறுவதைப் பார்த்து, மனுஷன் வேறெங்கோ போய் வருகிறார் என்று சந்தேகப்பட்டார். பவர் வயல் வட்டத்தைப் பற்றிச் சொல்லித் தப்பிக்க வேண்டியதாயிற்று. விஞ்ஞானிகளும் டிவிக்காரர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், காரின் மீட்டரைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

வாக்குமூலத்தை நம்பாதவர்களுக்காக, அந்த நாளிதழ் இருவரையும் வைத்து கென்ட் பகுதியில் ஒரு வட்டம் போடச் சொன்னது. வட்ட ஆராய்ச்சியில் பெரிய பெயரான பாட் டெல்கடோ வந்து பார்த்து, இது அசல்தான் என்று சான்றிதழே கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் ஏமாந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தக் குணத்துக்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

அடுத்து, ஒடியாத தண்டு. நம் பக்கம் கோதுமையை ரேஷன் கடையிலும் மாவு மில்லிலும்தான் பார்க்கிறோம், அதனால் இது மர்மமாகத் தெரிகிறது. உங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கேளுங்கள். பச்சைப் பயிர் காற்றிலும் மழையிலும் சாய்ந்தால் ஒடியாது, படுக்கும். ஓரிரு நாளில் கணுவின் அடிப்பக்கம் வேகமாக வளர்ந்து, பயிர் அந்த இடத்தில் வளைந்து தலைதூக்கும். கோதுமையும் புல் வகைதானே, அதற்கும் இதே கணு, இதே புத்தி. காலடித் தடம் இல்லாததற்கும் பதில் வயலிலேயே இருக்கிறது: மருந்தடிக்கும் டிராக்டர் போய்ப் போய் உண்டான சக்கரத்தடம் ஒவ்வொரு பெரிய வயலிலும் வரிவரியாக ஓடும். அதன் மேலேயே நடந்து உள்ளே போய் வரலாம்.

நீங்கள் அனுப்பிய படம் 2008இல் வில்ட்ஷயரில் பார்பரி காசில் அருகே வந்தது. அதில் பை என்ற கணித எண்ணைக் குறியீடாக வரைந்திருக்கிறார்கள்: 3.141592654. உண்மையில் அந்த எண் ...6535 என்று போகும். கடைசி 3ஐ 4ஆக்கி ரவுண்டு பண்ணியிருக்கிறார்கள், தசமப் புள்ளியும் வைத்திருக்கிறார்கள். பல ஒளியாண்டு தாண்டி வந்தவர், நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த பத்தடிமானக் கணக்கைப் படித்து, கால்குலேட்டர் காட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் போனாராம்.

சிலது வெறும் விளம்பரம். 2013 டிசம்பரில் கலிபோர்னியாவில் சுவாலர் என்ற ஊரில் ஒரு வட்டம் வந்து பரபரப்பானது. சில நாளிலேயே என்விடியா கம்பெனி தன் புது சிப்புக்காகப் போட்டது என்று சொல்லிவிட்டது; 192 என்ற எண்ணை பிரெயில் புள்ளிகளில் ஒளித்திருந்தார்கள். 2011 ஜனவரியில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா அருகே நெல் வயலிலேயே ஒன்று வந்தது. அவர்கள் நாட்டு விண்வெளி நிறுவனம் மனித வேலைதான் என்று சொன்ன பிறகும் கூட்டம் குறையவில்லை.

இதில் விவசாயியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிதித்துப் படுக்க வைத்த கதிரை அறுவடை இயந்திரம் ஒழுங்காக எடுக்காது. வேடிக்கை பார்க்க வருபவர்கள் மிதிப்பது தனி. 2000இல் வில்ட்ஷயரில் வட்டம் போட்ட ஒருவருக்கு, வயலைச் சேதப்படுத்தியதற்காக நீதிமன்றம் அபராதம் விதித்தது. வேற்றுக்கிரகத்துக்கு யாரும் சம்மன் அனுப்பவில்லை.

'மனிதனால் ஆகிற காரியமா' என்ற கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு முளையடித்து, கயிறு கட்டி, சுற்றி வந்தால் வட்டம். கிணறு வெட்டுகிற கொத்தனாருக்கு இது பால பாடம். கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவும் 1970களில் கோலங்களை வைத்துக் கணிதக் கட்டுரைகள் எழுதினார்கள், அவ்வளவு சரக்கு இருக்கிறது அதில். உங்கள் பேட்டையில் அதைப் போடுகிறவர்களிடம் ஸ்கேலும் இல்லை, வரைபடமும் இல்லை, மேலேயிருந்து பார்க்க ட்ரோனும் இல்லை.

ஆராய்ச்சியில் அவ்வளவு ஆர்வம் இருந்தால் மார்கழியில் ஒருநாள் நாலரை மணிக்கு எழுந்து உங்கள் தெருவிலேயே நின்று பாருங்கள். டிக்கெட் செலவு கிடையாது. பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு அம்மா குனிந்த நிலையிலேயே முடித்திருப்பார். 'இது மனுஷங்க வேலையா?' என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். வாசல் தெளித்த வாளியில் மிச்சத் தண்ணீர் இருக்கும்.