பணம் கட்டியும் ஏன் கறுப்புத் திரை?

கேள்வி: லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (கணினிக்குள் போன்போல நடிக்கும் மென்பொருள்) போட்டேன். சந்தா கட்டியிருக்கும் வீடியோ ஆப்பை அதிலுள்ள ப்ளே ஸ்டோரில் தேடினால் வரவே இல்லை. லிங்க் வழியாகப் போனால் ‘உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்கிறது. வெளியிலிருந்து ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்கிப் போட்டேன். ஆப் திறக்கிறது, வசனம் கேட்கிறது, படம் மட்டும் கறுப்பு. மாதாமாதம் பணம் கட்டுகிறவனுக்கே இந்தக் கதியா?

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் யார்மீது கோபப்படுவது என்று தெரிந்துகொண்டு கோபப்படுங்கள். இங்கே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன, போட்டவர்களும் வேறு வேறு.

முதல் பூட்டு, ஆப் செய்தவர் ப்ளே ஸ்டோரில் போட்டது. எந்தெந்தச் சாதனங்களுக்குத் தன் ஆப்பைக் காட்டலாம் என்று அவரே ப்ளே ஸ்டோரில் குறித்துவைக்க முடியும். தொடுதிரை வேண்டும், இன்ன ஆண்ட்ராய்டு பதிப்பு வேண்டும் என்பதெல்லாம் சாதாரண நிபந்தனைகள். கூகுளின் நம்பகத்தன்மைச் சோதனையில் தேறாத சாதனத்துக்குக் காட்டவே வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். 2017 மே மாதம், ரூட் செய்த (ஆண்ட்ராய்டின் முழுக் கட்டுப்பாட்டையும் பயனரே எடுத்துக்கொண்ட) போன்களின் ப்ளே ஸ்டோரிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் காணாமல் போனது இப்படித்தான். அன்று அந்தச் சோதனையின் பெயர் சேஃப்டிநெட், இன்று ப்ளே இன்டெக்ரிட்டி. எமுலேட்டர் எவ்வளவு நன்றாகப் போன் வேஷம் போட்டாலும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பின் வேகத்துக்கும் ராம் நினைவகத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

ஏபிகே போட்டு இந்தப் பூட்டைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவது, படத்தின் உரிமையாளர்கள் கேட்டு வாங்கிய பூட்டு. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் வைட்வைன். போனின் சிப்புக்குள் பாதுகாப்பான தனிப் பகுதி இருந்து, படத்தின் பூட்டு அங்கேயே திறக்கப்பட்டால் அது எல்1. எல்லாமே மென்பொருளில் நடந்தால் எல்3. எமுலேட்டரில் சிப்பே பாவனைதானே, அதனால் எல்1-க்கு வழியில்லை. எல்3 இருந்தாலும் பல சேவைகள் குறைந்த தெளிவில்தான் படம் தரும். சில, ஒலியோடு நிறுத்திவிடும். அமைப்புகளில் கிராஃபிக்ஸ் முறையை மாற்று, வேறு எமுலேட்டர் போடு என்று நாள் முழுக்க யோசனை சொல்ல ஆட்கள் உண்டு. சில நேரம் பலிக்கும், அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

என் யோசனை சலிப்பானது: ப்ரௌசரில் பாருங்கள். விண்டோஸ் என்றால் எட்ஜில் திறந்து பாருங்கள். அது, வைட்வைன் போலவே மைக்ரோசாஃப்டின் பூட்டான ப்ளேரெடியை ஹார்டுவேர் அளவில் பயன்படுத்தக்கூடியது என்பதால், சில சேவைகள் குரோமுக்குத் தராத தெளிவை அதற்குத் தருகின்றன. அதே எட்ஜின் மெனுவில், திறந்திருக்கும் தளத்தை ஓர் ஆப்பாக நிறுவும் வசதி இருக்கிறது. தனி ஐகான், தனி ஜன்னல், முகவரிப் பட்டை கிடையாது. எமுலேட்டரில் நீங்கள் தேடியதும் அநேகமாக இதைத்தான். என் கணினியிலும் ஓர் எமுலேட்டர் உண்டு. இணையதளமே இல்லாமல் போனுக்கு மட்டும் வரும் ஒரே ஒரு பாட்டு ஆப்புக்காக. அதற்கு மேல் அதை நம்பி நான் எதையும் வைப்பதில்லை.

கேள்வி: எம்1 சிப் உள்ள மேக் வாங்கினேன். ஐபோன் ஆப்கள் அதில் ஓடும் என்றார்கள். நான் பார்க்கும் வீடியோ ஆப் மட்டும் மேக் ஸ்டோரில் இல்லை. ஐபோனிலிருந்து எடுத்துப் போட முடியுமா?

பதில்: ஓடும் என்றவர்கள் பொய் சொல்லவில்லை. 2020 நவம்பரில் எம்1 வந்தபோதே அந்த வசதியும் வந்துவிட்டது. ஆனால் ‘என் ஆப் மேக்கில் வேண்டாம்’ என்று ஒதுங்கிக்கொள்ளும் உரிமையை ஆப்பிள் ஆப் செய்பவருக்குக் கொடுத்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய வீடியோ நிறுவனங்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டன. ஆரம்பத்தில் சிலர் ஐபோன் ஆப்பின் கோப்பையே மேக்குக்குக் கொண்டுவந்து நிறுவினார்கள். 2021 ஜனவரியில் ஆப்பிள் தன் சர்வர் பக்கமிருந்தே அந்த வழியை அடைத்துவிட்டது. சஃபாரியில் தளத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் டாக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். மேக்ஓஎஸ் சோனோமாவிலிருந்து இது உண்டு.

கேள்வி: விண்டோஸ் 11-லேயே ஆண்ட்ராய்டு ஆப் ஓடும் என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். எங்கே தேடியும் காணோம்.

பதில்: இருந்தது. அமேசான் ஆப்ஸ்டோர் வழியாக வந்தது. 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அண்ணனிடம் தேதியைச் சொல்லுங்கள்.

கேள்வி: போன் திரையைக் கேபிள் போட்டு ஸ்கிரீன்காப்பி என்ற மென்பொருள் மூலம் கணினியில் காட்டுகிறேன். எல்லாம் தெரிகிறது. படம் ஓடும் இடம் மட்டும் கறுப்பு.

பதில்: ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள், அதுவும் கறுப்பாகவே இருக்கும். ‘இந்தத் திரையைப் பிடிக்க விடாதே’ என்று ஆண்ட்ராய்டிடம் சொல்ல ஆப்புக்கு வழி உண்டு. கணினிக்குப் போவதும் அப்படிப் பிடிக்கப்பட்ட படம்தான். யுஎஸ்பி-சி வழியாகப் படம் அனுப்பும் போனாக இருந்தால், கணினியை விட்டுவிட்டு நேராக மானிட்டரின் எச்டிஎம்ஐயில் செருகிப் பாருங்கள். அந்த வழியில் எச்டிசிபி என்ற பாதுகாப்பு இருப்பதால் பல ஆப்கள் சம்மதிக்கும்.

கேள்வி: யூடியூப் வீடியோவை இறக்கித் தரும் ஆப்களும், சந்தா இல்லாமலே எல்லாம் திறக்கும் ‘மாட்’ ஆப்களும் ஸ்டோரில் ஏன் இல்லை? எமுலேட்டரில் போட்டால் என் போனுக்கு ஆபத்து இல்லையே?

பதில்: ஸ்டோரில் இல்லாததற்கு விதிகளே காரணம். ஆப்பிளின் வழிகாட்டு விதி 5.2.3, யூடியூப் போன்ற தளங்களிலிருந்து அனுமதி இல்லாமல் வீடியோவைச் சேமிக்கும் ஆப்களை மறுக்கிறது. கூகுளும் பிற சேவையின் நிபந்தனைகளை மீறி அதைப் பயன்படுத்தும் ஆப்களை ப்ளே ஸ்டோரில் விடுவதில்லை. போனுக்கு ஆபத்து இல்லை என்பது சரிதான். ஆனால் அந்த எமுலேட்டரில் உங்கள் கூகுள் கணக்கு திறந்திருக்கிறதே? யாரோ பிரித்து மாற்றி ஒட்டிய ஆப்பில் பாஸ்வேர்டையும் தட்டிவிட்டால், அது போனில் தட்டியதா கணினியில் தட்டியதா என்று திருடுகிறவன் பார்ப்பதில்லை. ஏற்கெனவே போட்டிருந்தால் ஆப்பை நீக்குங்கள், வேறு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள்.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸின் விண்டோஸ் ஆப்பில் முன்பு படம் இறக்கிவைத்துப் பார்ப்பேன். இப்போது அந்தப் பொத்தானே இல்லை.

பதில்: 2024-இல் வந்த புதிய ஆப் அதை எடுத்துவிட்டது. இணையம் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் போனிலோ டேப்லெட்டிலோ இறக்கிக்கொள்ளுங்கள்.