மூன்று வேட்டைக்காரர்கள்

கேள்வி: மூன்று வேட்டைக்காரர்கள் புல்தரையில் உட்கார்ந்து அரட்டையடிக்கும் ரஷ்ய ஓவியத்தைக் காலண்டரில் பார்த்தேன். யார் வரைந்தது? அப்படி என்னதான் பேசுகிறார்கள்?

பதில்: வசீலி பெரோவ், 1871. மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. பேச்சா? சுத்தப் புளுகு! இடப்பக்கப் பெரியவரைப் பாருங்கள். விரல்களை நகம்போல வளைத்து, விழி பிதுங்க அளக்கிறார். வலப்பக்க இளைஞன் சிகரெட் பற்றவைக்கக்கூட மறந்து கேட்கிறான். நடுவில் சாய்ந்திருப்பவர்தான் என் ஆள். தொப்பிக்குள் கைவிட்டுச் சொறிந்தபடி, 'சரி சரி, விடு' என்று உள்ளுக்குள் சிரிக்கிறார். பெரோவே வேட்டைப் பித்தர், இதுபோல எத்தனை கதை கேட்டிருப்பாரோ! நடிப்பு தூக்கல் என்று எழுத்தாளர் சால்திகோவ் ஷெத்ரின் அப்போதே குறைபட்டார். அடக்கி வாசித்தால் அது புளுகா? அப்புறம், முன்னால் கிடக்கும் முயலையும் பறவைகளையும் பார்க்கத் தவறாதீர்கள். கதைக்கும் வேட்டைக்கும் உள்ள தூரம் தெரியும்.