தோழி பிரசாதம் வாங்க மறுக்கிறாள், அவளோடு பழகலாமா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். என் நெருங்கிய தோழி ஒரு வருடமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். பூ வைப்பதில்லை, கம்மல் போடுவதில்லை, எங்கள் வீட்டுப் பிரசாதத்தைக் கையால்கூடத் தொடுவதில்லை. ‘நம்ம சாமியை மதிக்காதவளோடு உனக்கு என்ன சகவாசம்’ என்று அம்மா திட்டுகிறார். இந்த நட்பு நீடிக்குமா?

பதில்:

நீடிக்கும். உங்கள் அம்மாவின் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவையும் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் தோழி பக்கம்தான்.

முதலிலேயே ஒன்று. மதமாற்றம் சரியா தவறா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. நான் திருநீறு பூசாமல் வீட்டைவிட்டு இறங்காதவள், இன்றைக்கும் அப்படித்தான். கீழே வந்து ‘நீயும் அவர்கள் ஆள்தானே’ என்று எழுத நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. 1826-இல் கட்டிய ஊசிக்கோபுரக் கோயிலும் (கிறிஸ்தவ தேவாலயத்தையும் எங்கள் ஊரில் கோயில் என்றுதான் சொல்வோம்), தசராவுக்கு 12 அம்மன் சப்பரங்கள் வரிசை கட்டி வருவதும் ஒரே ஊரில். எங்கள் தெருவில் சைவ வீடுகளும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவ வீடுகளும் மாறி மாறி இருக்கும். என் தோழி எதிர் வரிசையில், சிஎஸ்ஐ குடும்பம். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். எங்கள் பக்கம் ஔவையார் நோன்பு உண்டு, ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்பார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆண்பிள்ளைகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுப் பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாக் கொழுக்கட்டை அவிப்பது. அதற்குக்கூட வந்து எங்களோடு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் கோயிலில் அசனம், அதாவது சபை விருந்து, என்றால் நான் போய் வேடிக்கை பார்ப்பேன். பெரிய பெரிய கொப்பரையில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும், எந்த வீட்டுக்காரர் என்று கேட்காமல் எல்லோருக்கும் பரிமாறுவார்கள்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது அவள் தன் அத்தையோடு ஒரு முழு இரவு ஜெபத்துக்குப் போனாள். அங்கிருந்துதான் எல்லாம் மாறியது. முதலில் பூ போனது, அப்புறம் கம்மல் போனது. சில மாதத்தில் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டைவிட அவள் வீட்டில்தான் சண்டை அதிகம். ‘பிறந்த உடனே ஞானஸ்நானம் கொடுத்து, திடப்படுத்தலும் ஆயாச்சு, ரெண்டாவது எதுக்கு?’ என்று அவள் அப்பா கத்துவது தெருவுக்கே கேட்கும். (திடப்படுத்தல் என்பது வளர்ந்த பிள்ளை தன் நம்பிக்கையைச் சபை முன்னால் உறுதி செய்யும் சடங்கு.) தன் பிள்ளை தன் கோயிலை விட்டு இன்னொரு சபைக்குப் போனது அவருக்குத் தாங்கவில்லை. இந்த வலி இந்து வீடுகளுக்கு மட்டும் உள்ளது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்குச் சுண்டலும் பொரியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே நின்று, ‘எனக்கு வேண்டாம்ட்டி, கோவிச்சுக்காத’ என்றாள். கிண்ணத்தோடு திரும்பி வந்தேன். அம்மா கிண்ணத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சிதான் ஆரம்பித்தாள். ‘வளந்த வீட்டுச் சோறு இப்பக் கசக்குதோ? இனிமே அவ இந்தப் படி ஏறக் கூடாது.’

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஆச்சி பேசப் பேச வேறொன்று உறைத்தது. நாங்கள் சைவம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீட்டில் கறி மணக்கும், நாங்கள் தொட்டதில்லை. எங்களுக்கென்று அவள் அம்மா தனி அடுப்பில் சாம்பாரும் பாயசமும் வைப்பார். ஆச்சி அதையும் தொடமாட்டாள், அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இதையெல்லாம் எங்கள் வழக்கம் என்றோம். அவர்கள் ஒரு நாளும் எங்களைக் கோபித்துக்கொண்டதில்லை. பதினாறு வயதுப் பெண் முதல் தடவையாக ‘வேண்டாம்’ என்றதும் அது மட்டும் எப்படித் திமிராகும்? அன்றைக்கு ஆச்சியிடம் இதைச் சத்தமாகவே கேட்டேன். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை. உங்கள் அம்மாவிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், மரியாதையாக. நம் வீட்டில் யார் யார் எங்கெங்கே எதைச் சாப்பிடுவதில்லை என்று அவரே ஒரு முறை யோசிக்கட்டும்.

சில நாள் கழித்து அவளே வந்தாள். அடுப்படி வாசலில் நின்று, ‘சித்தி, உங்க கைச்சாப்பாட்டை வேண்டாம்னு சொல்லல’ என்று அம்மாவிடம் விளக்கினாள். பைபிளில், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்) இதே பிரச்சினை இருக்கிறது. எட்டாம் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான். கடையில் விற்பதையும், அழைத்த வீட்டில் பரிமாறுவதையும் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். இது சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் சாப்பிடக் கூடாது. அதை அவள் தன் வார்த்தையில் திக்கித் திக்கிச் சொன்னாள். அம்மா கேட்டது ஒரே கேள்வி: ‘அப்ப சாமிக்கு வைக்காததுன்னா சாப்பிடுவியா?’

‘சாப்பிடுவேன் சித்தி.’

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவளுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் சுண்டலோ கொழுக்கட்டையோ வேகும். படையல் போடாத வீடுகளில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாது. சாமிக்கு வைக்கும்முன் உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்காத அடுப்படி அது. ‘சாமிக்கு முந்தி மனுஷிக்கா?’ என்று ஆச்சி சண்டைக்கு வந்தாள். ‘இது படையலே இல்லத்தே, பிள்ளைக்குச் சமைச்சது’ என்று அம்மா முடித்துவிட்டார். எட்டாவது வரை படித்த என் அம்மா யாருடைய சாமிக்கும் குறை வைக்காமல் இதைச் செய்தார். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

எல்லாம் சாப்பாட்டோடு முடிந்துவிடவில்லை. உங்களுக்கும் இது வரும், அதனால் எழுதுகிறேன். ட்யூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது ஒரு நாள் நேராகவே கேட்டேன்: ‘நான் நரகத்துக்குத்தான் போவேன்னு நீ நம்புதியா?’ சைக்கிளை நிறுத்திவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, ‘எங்க சபையில அப்படித்தான் சொல்றாங்க. அதனாலதான் தெனமும் உனக்காக அழுது ஜெபிக்கேன்’ என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அந்த வயதில் என்னிடம் பொய் சொல்லித் தப்பிப்பது அவளுக்கு எவ்வளவு சுலபம்! அவள் அதைச் செய்யவில்லை. நானும் மனசில் வைத்துப் புழுங்கவில்லை. ‘ஜெபம் பண்ணு, அது உன் இஷ்டம். ஆனா என்னைச் சபைக்குக் கூப்பிடாத, துண்டுப்பிரசுரம் நீட்டாத’ என்று கறாராகச் சொன்னேன். சபையில் எத்தனை பேரைக் கூட்டி வந்தாய் என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் என்னைக் கூப்பிடவில்லை. அதற்காக அங்கே வாங்கிய பேச்சையும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

இந்த இடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தையும் சொல்லியே ஆக வேண்டும். வாரத்தில் குறிப்பிட்ட பீரியடில் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கு எழுந்து போவார்கள், மீதிப் பேருக்கு நீதிபோதனை. பெயர்தான் நீதிபோதனை, கணக்கு டீச்சர் வந்து விட்டுப்போன கணக்கைப் போடுவார். அடுத்தவர் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்று இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேச அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருக்கலாமே! வயதுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைவிட அவசரமான பாடம் என்ன இருக்கிறது? என் மகள் படிக்கும் பள்ளியில் நீதிபோதனை என்ற பீரியடே இல்லை, நீட் கோச்சிங் அதையும் விழுங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் கேட்டால், ‘மார்க் வேண்டாமா மேடம்?’ என்கிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் நாற்பதைத் தாண்டிவிட்டோம். அவள் இன்னும் அதே நம்பிக்கையில்தான் இருக்கிறாள், நான் என்னுடையதில். இதை எழுதக் காரணம் என் அம்மாவின் சாவு. துஷ்டி வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, சொந்தக்காரர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவள் ராத்திரி பஸ் பிடித்து வந்தாள். எல்லோரும் வாய்க்கரிசி போட்டபோது தள்ளி நின்றாள். என் சித்தப்பா அதைப் பார்த்து முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் தன் வீட்டில் புதுப் பாத்திரம் வாங்கி, வெங்காயம் பூண்டு சேர்க்காமல் இட்லியும் துவையலும் செய்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்த அப்பா அதைத்தான் சாப்பிட்டார்.

எல்லா நட்பும் இப்படி நிற்கும் என்று சொல்லமாட்டேன். உங்கள் தோழி உங்கள் சாமியைப் பிசாசு என்று மற்றவர்கள் முன்னால் பேசினாலோ, உங்களை மாற்றத்தான் பழகுகிறாள் என்று தெரிந்தாலோ விலகிக்கொள்ளுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. பிரசாதம் வாங்கவில்லை என்பதற்காக மட்டும் விலகாதீர்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே விவரத்தில், கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் சேரும் முன்னால் சிலதைப் பேசிவிடுங்கள். அவர்கள் வாய்விட்டு ஜெபிப்பார்கள், விடியற்காலையிலும் ஜெபிப்பார்கள். உங்கள் பரீட்சை நாட்களில் மாடிக்கோ ஸ்டடி ஹாலுக்கோ போக முடியுமா என்று இப்போதே கேளுங்கள். நீங்கள் சாமி படம் எந்தச் சுவரில் வைப்பீர்கள், ஊதுபத்தி கொளுத்துவீர்களா என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். ஊரிலிருந்து அம்மா கோயில் பிரசாதம் கொடுத்துவிட்டால் அது பிரசாதம் என்று சொல்லிவிட்டே நீட்டுங்கள், மறைத்துக் கொடுக்காதீர்கள். முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிட்டால் அதில் பாதி அவளுக்கு.