81 மார்க் வாங்கிய உறுப்பினர்

கேள்வி: எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கென்று தனி நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். வருகை 92 சதவீதம், கேட்ட கேள்விகள் 300க்கு மேல், செலவும் மற்றவர்களைவிடக் குறைவு. எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 81 மார்க் கொடுத்தேன். 'இது வெட்டி வேலை' என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், உங்களைப் போல் தொகுதிக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆனால் அந்த 81ஐ அடித்துவிடுங்கள். வருகை, கேள்வி, செலவு எல்லாம் எழுதிய நீங்கள், எந்த மசோதாவுக்கு அவர் எப்படி வாக்களித்தார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! சட்டம் செய்யத்தானே அவரை அனுப்பினோம்?

தேடிப் பார்த்து, கிடைக்காமல் விட்டிருப்பீர்கள். அது உங்கள் குற்றமில்லை. நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்பவர்கள் ஒரு குரல், 'இல்லை' என்பவர்கள் ஒரு குரல். எந்தப் பக்கம் ஓங்கி ஒலித்தது என்று அவைத்தலைவர் அறிவித்ததும் காரியம் முடிந்துவிடும். யார் எந்தப் பக்கம் என்று பெயர் ஏறாது. உறுப்பினர் யாராவது ஆட்சேபித்து, டிவிஷன், அதாவது ஒவ்வொருவர் வாக்கையும் தனித்தனியே பதிந்து எண்ணுவது, நடந்தால்தான் பெயர்வாரியான கணக்கு கிடைக்கும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் வந்தபோது, டிவிஷன் வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றினார்கள். டெல்லி எல்லையில் விவசாயிகளை ஓராண்டுக்கு மேல் உட்கார வைத்த சட்டங்கள் அவை. அவற்றுக்கு அன்று அந்த அவையில் யார் யார் கை கொடுத்தார்கள் என்று பெயரோடு சொல்ல நம்மிடம் ஒரு தாள் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெயர் பதிவானாலும், அது பெரும்பாலும் கட்சியின் வாக்கு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, இப்படி வாக்களியுங்கள் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். ஆகவே அவருடைய சொந்தக் கையெழுத்தை வேறு இடத்தில் தேடுங்கள். விவாதத்தில் என்ன பேசினார், திருத்தம் ஏதாவது கொடுத்தாரா, மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுவின் அறிக்கையில் மாற்றுக் கருத்து எழுதினாரா? இதையெல்லாம் கொறடா எழுதிக் கொடுப்பதில்லை.

வாக்குகள் ஒழுங்காகப் பதிவாகும் நாடுகளிலும், பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். அமெரிக்க செனட்டில் 2013 ஏப்ரலில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் திருத்தம் தோற்றது. அதைக் கொண்டுவரப் பாடுபட்ட பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீடின் பெயர் 'எதிர்ப்பு' வரிசையில் இருக்கிறது. தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர் மறுபரிசீலனை கோர முடியாது என்பது அங்கே விதி. தோல்வி உறுதியானதும், பின்னால் மறுபடி எடுக்க வழி இருக்கட்டும் என்று வாக்கை மாற்றிப் போட்டார்.

வருகைக்கு வருவோம். வருகைப் பதிவு அன்று வந்தார் என்று சொல்லும், எவ்வளவு நேரம் இருந்தார் என்று சொல்லாது. நம் அமைச்சர்கள் வருகையைப் பதிய வேண்டியதே இல்லை; அவர்களுக்கு நேரே காலியாக இருந்தால் வரவில்லை என்று பொருளல்ல. பிரிட்டனில் 2018 ஜூலை 17 அன்று நடந்ததைக் கேளுங்கள். பிரசவமாகிச் சில வாரங்களே ஆன எதிர்க்கட்சி உறுப்பினர் ஜோ ஸ்வின்சன் வாக்களிக்க வர முடியாது. அவருக்கு ஈடாக, ஆளுங்கட்சியின் பிராண்டன் லூயிஸ் வாக்களிக்காமல் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. முக்கியமான வாக்கெடுப்பில் லூயிஸ் வாக்களித்துவிட்டார். அரசு 307க்கு 301 என்று தப்பித்தது. பிறகு லூயிஸ் மன்னிப்புக் கேட்டார். வாக்குப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு லூயிஸ் கடமை தவறாதவர், குழந்தை பெற்ற பெண் வராதவர்! மகப்பேற்றில் இருப்பவருக்காக வேறொருவர் வாக்களிக்கும் முறை 2019 ஜனவரியில்தான் அங்கே வந்தது.

300 கேள்விகள் என்கிறீர்கள். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 11 உறுப்பினர்களை நம் நாடாளுமன்றம் நீக்கியது. அந்தக் கேள்விகளும் எண்ணிக்கையில் ஏறியவைதான். எண்ணாதீர்கள், பத்துக் கேள்வியைப் படியுங்கள். யாருக்காகக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

செலவில்தான் நீங்கள் மிகவும் வழுக்கிவிட்டீர்கள். 2009இல் பிரிட்டன் உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் கசிந்து பத்திரிகையில் வந்தன. குளத்து வாத்துகளுக்கு ஒருவர் 1,645 பவுண்டில் குட்டி வீடு கேட்டிருந்தார். ஊரெல்லாம் இன்றும் அதைத்தான் சொல்லும். ஆனால் அந்தத் தொகை அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. பெரிய பணம் போனது வேறு வழியில். உறுப்பினரின் இரண்டாவது வீட்டுச் செலவை அரசு கொடுத்தது. எது தன் இரண்டாவது வீடு என்பதைத் தேவைக்கு ஏற்ப மாற்றி மாற்றிச் சொல்லி, இரண்டு வீட்டுக்கும் அரசுப் பணத்தில் செலவு செய்துகொண்டார்கள் சிலர். அடுத்த மாதம் நாடாளுமன்றமே கணக்குகளை வெளியிட்டது. அதில் முகவரிகள்மேல் கறுப்பு மை! முகவரி தெரியாவிட்டால் வீடு மாறியது எப்படித் தெரியும்? ரசீது இருந்தும் களவு தெரியாது. கசிந்த பிரதியில் கறுப்பு இல்லாததால்தான் உண்மை வெளியே வந்தது. சபாநாயகர் பதவி விலகினார், கணக்குப் பார்க்கத் தனி ஆணையம் வந்தது.

ஆகவே மொத்தத் தொகை குறைவு என்பதில் ஒன்றுமில்லை. ரசீது வாரியாகக் கேளுங்கள். இன்னொன்று: மக்களின் மனுக்களைப் பார்க்க ஆள் வைத்தால் அவர்கள் சம்பளமும் செலவுதான். ஆளே வைக்காதவர் சிக்கனமானவராகத் தெரிவார், உங்கள் மனு மட்டும் பிரிக்கப்படாமல் கிடக்கும். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதியை இதோடு குழப்ப வேண்டாம். அது அவர் கைக்கு வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். பரிந்துரைத்த வேலைகளின் பட்டியலை வாங்கி, இரண்டு மூன்றை நேரில் போய்ப் பாருங்கள்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்புங்கள். அடுத்த கூட்டத்தொடரில், உங்கள் வாழ்க்கையைத் தொடும் ஒரே ஒரு மசோதாவை எடுங்கள். அவர் பேசினாரா, எந்தப் பக்கம் நின்றார், டிவிஷன் கேட்டாரா என்று எழுதுங்கள். தெரியாததை அவருக்கே கடிதம் போட்டுக் கேளுங்கள். அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி இரண்டையும் குறியுங்கள். வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை எங்களுக்கு அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம்.