லக்சரில் ஒரே நாளில் கல்லறைகளும் கோயில்களும்: கேள்வி பதில்

எகிப்தின் லக்சர் நகரில், நைல் நதியின் இரு கரைகளையும் வழிகாட்டியோடு ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, ஹுர்கதா கடற்கரையில் தங்குகிறோம். விடியும் முன் கிளம்பி லக்சர் போய், இரவே திரும்பலாம் என்கிறார் முகவர். சரிவருமா?

போகலாம், ஆனால் சாலையிலேயே பாதி நாள் போய்விடும். ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். நீங்கள் போய்ச் சேரும்போது வெயிலும் கூட்டமும் சேர்ந்தே காத்திருக்கும். மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் அரசர்களின் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்கே திறந்துவிடும். முந்தின இரவு லக்சரில் தங்கினால் அந்த முதல் இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. நானாக இருந்தால் அறை வாடகையைப் பார்க்கமாட்டேன்.

அரசர்களின் பள்ளத்தாக்கில் 60க்கும் மேல் கல்லறைகள், ஆனால் சீட்டுக்கு மூன்றுதான் என்கிறார்கள். எந்த மூன்று? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

திறந்திருப்பவை அவ்வப்போது மாறும். அம்மாவோடு போக நான்காம் ராம்சேஸ் கல்லறை சிறந்தது. அகலமான நேர்ப்பாதை, சரிவும் குறைவு. பிற்காலத்தில் கிறித்தவர்கள் இதில் குடியிருந்தார்கள், அவர்கள் கிறுக்கியவை சுவரில் இன்னும் இருக்கின்றன. அடுத்து மூன்றாம் ராம்சேஸ். மெர்னெப்தா கல்லறையும் நல்லதுதான், ஆனால் சரிவு அதிகம், அம்மாவுக்குக் கஷ்டம். மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்கு மலையிடுக்கில் இரும்புப் படி ஏறி, பிறகு உள்ளே இறங்க வேண்டும். அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போங்கள்.

தனிச்சீட்டுக்குப் பணம் இருந்தால் ஐந்தாம், ஆறாம் ராம்சேஸ் கல்லறையை விடாதீர்கள். அடக்க அறையின் கூரையில் வான்தேவி நுட் முதுகோடு முதுகாக இரண்டு உருவமாக நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அது அவள் உடம்புக்குள் பயணம் செய்கிறது, காலையில் மறுபடி பெற்றெடுக்கிறாள். எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறைக்குள் அவர்கள் விளக்கம் சொல்ல அனுமதியில்லை, எல்லாம் வாசலிலேயே முடிந்துவிடும்.

துட்டன்காமன் கல்லறைக்குத் தனிச்சீட்டு வாங்குவது வீண் செலவா?

பொக்கிஷத்தை எதிர்பார்த்துப் போனால் வீண்தான். அதெல்லாம் கெய்ரோவில் இருக்கிறது. கல்லறையும் மிகச் சிறியது. ஆனால் அவர் உடல் இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் ஆறாம் ராம்சேஸுக்குக் குடைந்தபோது தொழிலாளர்கள் போட்ட குடிசைகளும் கல் குப்பையும் இதன் வாசலை மூடிவிட்டன. அதனால்தான் 1922 நவம்பரில் அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் கைக்கு வரும்வரை பெரும்பாலும் தப்பியிருந்தது. ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு ஆறாம் ராம்சேஸுக்கு.

ஹட்செப்சுட் கோயிலில் அரசியின் உருவங்களைச் செதுக்கி எடுத்திருக்கிறார்களே, ஏன்?

வாரிசாக வந்த மூன்றாம் துட்மோஸ் காலத்தில் நடந்தது. சித்தி மீது கோபம் என்று பல வழிகாட்டிகள் நாடகமாகச் சொல்வார்கள். ஆனால் அழிப்பு தொடங்கியது அவர் ஆட்சியின் பிற்பகுதியில்தான். ஆத்திரத்தைவிட வாரிசுரிமைக் கணக்கு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இரண்டாம் தளத்தில் புன்ட் என்ற தூர நாட்டுக்கு அரசி அனுப்பிய பயணத்தின் சித்திரங்களைத் தேடுங்கள். வாசனை மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கப்பலேற்றுகிறார்கள்.

பயண நிரலில் 'அலபாஸ்டர் தொழிற்கூடம், பாப்பிரஸ் கூடம்' என்று இருக்கிறது. அவசியமா?

இல்லை. அலபாஸ்டர் என்ற கல்லில் செய்த சாமானும், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் வரைந்த படமும் விற்கும் கடைதான், கமிஷன் உண்டு. முன்பதிவு செய்யும்போதே "கடை வேண்டாம், அந்த நேரத்தில் தெய்ர் எல் மெதினா போகலாம்" என்று எழுதி வாங்கிவிடுங்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வரைந்த தொழிலாளர்களின் ஊர் அது. தங்களுக்கென்று அவர்கள் கட்டிக்கொண்ட சின்னக் கல்லறைகளில் நிறம் நேற்று பூசியதுபோல் இருக்கும்.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலியாக வரவேண்டிய தானியம் வரவில்லை. பசிக்கிறது என்று வேலையை நிறுத்திவிட்டு, மன்னர்களின் நினைவுக் கோயில்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதை எழுதி வைத்த பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்தில் மெதினத் ஹபு என்ற நினைவுக் கோயிலில் அதே மன்னரின் வெற்றிச் சிற்பங்கள் மிக ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்த ஊர் வழியில் வருமா?

வராது. நீங்கள் சொல்வது செங்கடல் ஓரத்திலுள்ள குசேர் அல் கதீம். ஹுர்கதாவிலிருந்து வரும் வண்டி அதற்கு முன்பே சஃபாகாவில் உள்நாட்டுப் பக்கம் திரும்பிவிடும். அங்கே கிடைத்த தமிழ் பிராமி ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் இருக்கின்றன. இன்னும் தெற்கே பெரெனிகேயில் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியப் பானையில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அந்தச் சரக்குகள் பாலைவனம் கடந்து நைலைத் தொட்ட ஊர் கோப்டோஸ், லக்சருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். இப்போது கிஃப்ட் என்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் நிற்பதில்லை.

கர்நாக், லக்சர் கோயில் இரண்டையும் மதியத்துக்குப் பின் முடிக்க முடியுமா சார்?

சார் இல்லை, அக்காதான்! முடியும். கர்நாக்கில் 134 தூண் மண்டபத்துக்கே ஒரு மணி நேரம் வையுங்கள். லக்சர் கோயிலை இருட்டிய பிறகு பாருங்கள், விளக்கொளியில் சிற்பங்கள் எடுப்பாகத் தெரியும். வாசலில் கூர்முனைக் கல்தூண் ஒன்றுதான் நிற்கும், அதன் ஜோடி பாரிஸில் ஒரு சதுக்கத்தில். கல்லறைகள் இருக்கும் மேற்குக் கரையில் நிற்கும் மெம்னான் என்ற இரண்டு பெரிய சிலைகளுக்குப் பத்து நிமிடம் போதும்.

பணம் ரொக்கமாக எடுத்துப் போகலாமா?

பெரிய இடங்களில் நுழைவுச்சீட்டுக்குக் கார்டுதான் கேட்பார்கள். சில்லறை தனியாக வையுங்கள். கல்லறைக் காவலர் "இங்கே வா, படம் எடு" என்று கூப்பிட்டால் அது பக்‌ஷீஷுக்குத்தான், அதாவது இனாமுக்கு. வேண்டாமென்றால் தலையாட்டிவிட்டு நடங்கள். கைபேசியில் படமெடுக்கத் தடையில்லை, ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள்.