அம்மாவின் தைராய்டு கட்டி ஆடி வரை காத்திருக்குமா?

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 52 வயது. கழுத்தில் 2.2 செ.மீ. தைராய்டு கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் ‘பாப்பிலரி கார்சினோமா, பெதஸ்டா 6’ என்று ரிப்போர்ட், அதாவது தைராய்டு புற்றுநோய். 2021 மே மாதம் ஆபரேஷன் என்றார்கள். கொரோனா இரண்டாம் அலையில் தள்ளிப்போட்டுவிட்டார்கள். நடுவில் மே 18-ல் அம்மாவுக்கே கொரோனா வந்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். இப்போது ஸ்கேன் சென்டரில் பழக்கமான ஒருவர், ‘இன்னும் ஒரு வாரம் விட்டால் பரவிடும், சென்னையில் பேக்கேஜ் பேசித் தருகிறேன்’ என்கிறார். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார் பாட்டி. வீட்டில் சித்திக்கும் தைராய்டு அதிகம். அவருக்கும் சுரப்பியை எடுக்க வேண்டுமாம். அதுவரை சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஒரு வாரத்தில் பரவிடும் என்று சொன்னவருக்குக் கமிஷன் ஒரு வாரத்தில் வேண்டும். அம்மாவுக்கு வந்திருக்கும் பாப்பிலரி வகை, புற்றுநோய்களில் மிக மெதுவாக நடப்பவற்றில் ஒன்று. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993-லிருந்து, 1 செ.மீ.க்குக் குறைவான பாப்பிலரி கட்டிகளை வெட்டாமல் ஸ்கேன் மட்டும் எடுத்துக் கவனித்து வருகிறார்கள். அம்மாவுடையது 2.2 செ.மீ.; அதனால் ஆபரேஷன் தேவை. ஆனால் இரண்டு, மூன்று மாதம் தள்ளியதால் முடிவு கெட்டுப்போகாது. மூச்சு விடும்போது சத்தம், திடீரென்று குரல் கம்மல், விழுங்க முடியாமை, கட்டி கண்ணுக்குத் தெரிய வாராவாரம் பெரிதாவது, இவற்றில் ஏதாவது வந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அன்றைக்கே கிளம்புங்கள்.

இப்போது தேதி. கொரோனா வந்தவருக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய, 2021-ன் வழிகாட்டுதல்படி, பாசிட்டிவ் வந்த நாளிலிருந்து குறைந்தது 7 வாரம் விட வேண்டும். அதற்குள் செய்தால் நுரையீரல் சிக்கலும் ரத்தம் உறைவதும் கூடுகிறது. மே 18-லிருந்து 49 நாள் எண்ணினால் ஜூலை 6. அதன் பிறகும் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்றால் இன்னும் தள்ளலாம். அப்படித் தள்ளி ஆடி பிறந்துவிட்டால் பாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கல்யாணத்துக்குத்தான் ஆடி ஆகாது.

இந்த இடைவெளியில் சும்மா இருக்கக் கூடாது. முதல் வேலை ஸ்லைடு, அதாவது ஊசியில் எடுத்த செல்களைத் தடவிய கண்ணாடித் துண்டு. ஊசிப் பரிசோதனையின் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடித் துண்டுகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாளைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்களுடைய நோய்க்குறியியல் மருத்துவர் தம் கண்ணால் பார்க்கத்தான் கேட்பார். ஸ்லைடு இல்லையென்றால் மறுபடி ஊசி, மறுபடி காசு, மறுபடி ஒரு வாரம். லேபில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். ‘தர மாட்டோம்’ என்பார்கள், ‘டாக்டர் கேட்கட்டும்’ என்பார்கள். நோயாளியின் கழுத்திலிருந்து எடுத்ததை நோயாளிக்கே தர இவ்வளவு பிகு எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. விடாமல் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் எண் இருக்கிறதா, ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். பஞ்சில் சுற்றி, கெட்டியான டப்பாவில் வையுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து உடைந்துபோனால் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது, அந்த ‘பேக்கேஜ்’. அதற்குள் என்ன இருக்கும் தெரியுமா? மருந்து ஏற்றி சி.டி., பெட் ஸ்கேன், முப்பது வகை ரத்தப் பரிசோதனை. அம்மாவின் கட்டிக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டு போதும், நிணநீர்க் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். பெட் ஸ்கேன் இந்த நிலையில் வேண்டாம். சி.டி.யில் ஏற்றும் மருந்து அயோடின். பிறகு கதிரியக்க அயோடின் சிகிச்சை தேவைப்பட்டால் அதை ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போட வைக்கும். கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கிறது என்று சந்தேகப்பட்டு அறுவை செய்பவரே கேட்டால் எடுக்கலாம். இடையில் நிற்பவர் கேட்டு எடுக்காதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை வாங்க கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு நீங்களே போங்கள். அட்டைக்குக் காசில்லை. ‘கார்டு போட்டுத் தருகிறேன்’ என்று 2,000, 3,000 வாங்குகிறவர்தான் அடுத்து ஆஸ்பத்திரியையும் அவரே காட்டுவார். உங்கள் பக்கத்துக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். சென்னை கிட்டத்தட்ட 300. தைராய்டு ஆபரேஷனில் கேட்க வேண்டியது ஊர் அல்ல: இவர் வாரத்துக்கு எத்தனை தைராய்டு செய்கிறார், ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் வளாகத்தில் இருப்பாரா. இந்த இரண்டையும் கூசாமல் கேளுங்கள்.

கொரோனாவில் அட்மிட் ஆனபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். பலருக்கு வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற மாத்திரை எழுதியிருப்பார்கள். அதைச் சொல்லாமல் மேஜையில் படுத்தால் கழுத்துக்குள் ரத்தம் கசியும். ஸ்டீராய்டு எத்தனை நாள், இப்போது சர்க்கரை எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். ஆர்.டி.பி.சி.ஆர். கொரோனா பரிசோதனை கேட்பார்கள், இந்த 2021-ல் 72 மணி நேரத்துக்குள் எடுத்தது வேண்டும் என்பார்கள். ரிசல்ட் வரவே 48 மணி ஆகும் ஊரில் இது என்ன விதியோ. ஒரு நாள் தேதி நகர்ந்தால் மூக்கில் மறுபடி குச்சி. குணமானவருக்கும் மூன்று மாதம் வரை செத்த வைரஸின் துணுக்கால் பாசிட்டிவ் காட்டலாம். அப்போது மே மாத ரிப்போர்ட்டை நீட்டினால்தான் தப்பிப்பீர்கள். தடுப்பூசிக்காக ஆபரேஷனைத் தள்ள வேண்டாம்; இந்த 2021-ன் விதிப்படி, தொற்று வந்தவர்கள் எப்படியும் குணமாகி 3 மாதம் கழித்துத்தான் போட வேண்டும். கூட இருக்கப் போகும் ஒருவர் போட்டுக்கொண்டால் போதும்.

சித்தியின் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதைக் கடைசியில் ஒரு வரியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அம்மாவைவிட இவரைப் பற்றித்தான் கவலை. கார்பிமசோல் ஆயிரத்தில் சில பேருக்கு ரத்த வெள்ளணுக்களைத் திடீரென்று சரித்துவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அதன் அடையாளம் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். இந்தக் கொரோனா காலத்தில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் யார் என்ன நினைப்பார்கள்? கொரோனா என்று மூக்கில் குச்சி விட்டு, தனி அறையில் படுக்க வைத்து, பாரசிட்டமால் கொடுத்து, ரிசல்ட்டுக்காக இரண்டு நாள் பார்ப்பார்கள். அந்த இரண்டு நாளும் சித்தி கார்பிமசோலை விழுங்கிக்கொண்டிருப்பார். அங்கேதான் உயிர் போகிறது. ஆகவே காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த வேளையிலேயே கார்பிமசோலை நிறுத்துங்கள். அன்றே முழு ரத்த எண்ணிக்கை எடுங்கள், வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணியதாக இருக்க வேண்டும். அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 500-க்குக் கீழ் என்றால் உடனே அட்மிட். அந்த மருந்து இனி வாழ்நாளில் கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் டாக்டர் சொன்ன பிறகு தொடரலாம். கொரோனா பரிசோதனையையும் எடுங்கள், ஆனால் அதற்காக ரத்தப் பரிசோதனை காத்திருக்கக் கூடாது. பாசிட்டிவ் என்று வந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். காய்ச்சல் இல்லாதபோது மட்டும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. ஹார்மோன் கட்டுக்குள் வராமல் சுரப்பியில் கை வைத்தால் இதயம் தறிகெட்டு ஓடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை முதல் ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே வைத்திருங்கள், படுக்கை இல்லை என்று மாலையே அனுப்பப் பார்த்தாலும். கழுத்து இறுகி வீங்கினால் தையலைப் பிரிக்கச் சில நிமிடம்தான் கிடைக்கும்; அதற்கு 108 வந்து சேர நேரமிருக்காது. முழுச் சுரப்பியையும் எடுத்திருந்தால் இரண்டாவது, மூன்றாவது நாளில் ரத்தத்தில் கால்சியம் இறங்கலாம், அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனி சுர்ரென்று இருக்கும், பிறகு கட்டை விரல் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பலவீனம் என்று இளநீர் கொடுத்துக்கொண்டிராதீர்கள். எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையில் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி தேவைப்படலாம்.

எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தரும் தைராக்ஸின் மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணியிலிருந்து ஒரு மணி கழித்து. காலை ஐந்து மணிக்கே டிகாக்‌ஷன் இறக்கும் வீடு என்றால் மாத்திரையைக் காபித் தூள் டப்பா மேலேயே வையுங்கள், எடுக்கும்போது ஞாபகம் வரும். கால்சியம் மாத்திரையை அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், சேர்ந்து போனால் தைராக்ஸின் உடம்பில் ஏறாது. மாத்திரையின் அளவு சரியா என்று அறிய 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை பாருங்கள். அதற்குமுன் மாதாமாதம் பார்க்கச் சொல்கிற லேபில் பார்க்காதீர்கள். இரண்டு வாரம் தண்ணீர்க் குடமோ நாற்றுக் கட்டோ தூக்க வேண்டாம். குறுவைக் களையெடுப்புக்கு இந்த வருஷம் வேறு ஆள் பாருங்கள்.